சும்மா நின்ற வாயிலப்பன்

பேக்கரி ஒன்றின் மாவுத் தொட்டிக்குள் கோடிக்கணக்கான ஈஸ்ட் செல்கள் வாழ்ந்தன. அவற்றில் ஒன்றை ஆண்டவர் புளிப்பேந்தர். அவருடைய கோட்டைக்கு உட்கரு என்று பெயர். உள்ளே ஆறாயிரம் ஓலைச்சுருள்கள் இருந்தன. நாம் மரபணு என்கிறோமே, அவைதான். எந்த வேலையை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருக்கும். மூலச்சுருள் கோட்டையைத் தாண்டக் கூடாது. எழுத்தர்கள் நகல் எடுப்பார்கள். நகல் வாசல் வழியாக வெளியே சமையல்கூடத்துக்குப் போகும்; அதைப் பார்த்துத்தான் அங்கே சமைப்பார்கள்.

கோட்டைச் சுவரில் நூறு வாசல்களுக்குக் குறையாது. அவற்றைக் காத்தவர்கள் துளைப் புரதக் குலத்தார். அவர்களின் தலைவன் வாயிலப்பன். ஒரு சுருளை எழுத்தர்கள் படித்து முடித்தாலும், அதை உடனே உள்ளே அனுப்பாமல் வாசல்காலில் தளர்வாகக் கட்டி வைப்பது அந்தக் குலத்தின் வழக்கம். அமைச்சர் சுருளையனுக்கு இது பிடிக்கவில்லை. சுருள் என்றால் இறுக்கமாகச் சுற்றி உள்ளறையில் கிடக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"அரசே, காலக்டோஸ் சர்க்கரை தீர்ந்து இரண்டு நாளாகிறது. அதைச் செரிக்கும் வழி சொல்லும் சுருள் இன்னும் வாசலில் தொங்குகிறது. வாசல் என்பது ஓர் ஓட்டை. ஓட்டைக்கு எதற்கு ஆள்? இந்தக் குலத்தையே கலைத்துவிடலாம்" என்றார்.

அரசர் காவலனை அழைத்தார். "வாயிலப்பா, நீ என்னதான் செய்கிறாய்?"

"போகிறவரையும் வருகிறவரையும் பார்க்கிறேன், அரசே. திரும்பத் தேவைப்படும் சுருளை எழுத்தர் கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறேன்."

"இவன் கை சும்மா இருந்தாலே கோட்டை ஒழுங்காக இருக்கும்" என்றார் சுருளையன்.

அரசருக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. "அப்படியே ஆகட்டும். வாயிலப்பா, நாளை நீ சுருளைத் தொடக் கூடாது. பேசக் கூடாது. விரலைக்கூட அசைக்கக் கூடாது. அப்படி நின்றுகொண்டே உன் வேலையின் அருமையை எனக்குக் காட்டு. தவறினால் உன் குலம் கலையும்."

குலம் கலைந்தால் வாயிலப்பனின் தம்பிமார் அத்தனை பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்கள். அவன் சற்று யோசித்தான்.

"ஆகட்டும் அரசே. அமைச்சர் தம் விருப்பப்படி சுருளை உள்ளே கொண்டுபோகட்டும். நானும் தம்பிமாரும் ஓட்டையாகவே நிற்கிறோம்."

மறுநாள் காலையில் மாவில் இருந்த மற்ற சர்க்கரையெல்லாம் தீர்ந்துபோனது. பிறகு பேக்கரிக்காரர் மாவில் ஊற்றிய புளித்த பாலிலிருந்து காலக்டோஸ் வந்து சேர்ந்தது. அரசருக்கு அகோரப் பசி. அவர் விலாவில் மகள் வேறு மொட்டுவிட்டிருந்தாள். ஈஸ்ட் குலத்தில் பிள்ளை பிறப்பது அப்படித்தான். சாப்பாடு இல்லாவிட்டால் மொட்டு வளராது.

"அமைச்சரே, அந்தச் சுருள் எங்கே?"

"தேடுகிறார்கள், அரசே."

ஒரு நாழிகை கழிந்தது. உள்ளறைக் குவியலில் சுருள் கிடைத்தது. ஆனால் முந்தின இரவே அமைச்சரின் ஆட்கள் அதை இறுக்கமாகச் சுற்றியிருந்ததால் பிரிக்க முடியவில்லை. இன்னொரு நாழிகையும் போனது. மொட்டு வளராமல் அப்படியே நின்றது. பெற்ற மனம் துடித்தது.

"வாயிலப்பா, ஏதாவது செய்யேன்."

வாயிலப்பன் கண்கூட இமைக்கவில்லை.

"உன்னிடம்தான் பேசுகிறேன்."

ஓட்டை எங்காவது பதில் சொல்லுமா?

"சரியப்பா, என் கட்டளையைத் திரும்பப் பெற்றேன்."

அடுத்த நொடி வாயிலப்பன் தம்பிமாரோடு உள்ளே ஓடினான். சுருளை இழுத்து வந்தார்கள். வாசல்காலில் கட்டிப் பிரித்தார்கள். எழுத்தர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நகல்கள் வரிசையாக வெளியே போயின. சாப்பாடு வந்தது. மொட்டு வளரத் தொடங்கியது.

அரசர் இரண்டு கவளம் உண்ட பிறகே பேசினார். "இனி ஏழு தலைமுறைக்கு இந்தச் சுருள் வாசலிலேயே இருக்கட்டும். உன் குலமும் இருக்கட்டும். ஆனால் வாயிலப்பா, உன் வேலையின் அருமையைக் காட்டச் சொன்னேனே, காலையிலிருந்து நீ என்ன செய்தாய்?"

"ஒன்றுமே செய்யவில்லை, அரசே. தாங்கள் பார்த்தது அதன் விளைவைத்தான்."

அரசர் சிரித்த சிரிப்பில் மொட்டும் சேர்ந்து குலுங்கியது. சுருளையன் மட்டும் ஓட்டைபோல் நின்றார்.