கயிற்றைத் தாண்டாத ராஜதாமரை

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், ஆம்பல்கோட்டை என்ற நாட்டை மாணிக்கவீரர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் காலையில் ஓர் உத்தரவு போடுவார், சாப்பிட்டு எழுந்ததும் அதற்கு நேர் எதிராக இன்னொன்று போடுவார். அவருடைய தோட்ட அதிகாரி தில்லைவிடங்கர். பட்டு அங்கவஸ்திரம், விரலுக்கொரு மோதிரம். இருபது வருஷம் தோட்டத்தை ஆண்டும் காலில் ஒருநாள்கூட மண் ஒட்டவிடாத மகானுபாவர்!

விடங்கருக்கு ஒரே வயிற்றெரிச்சல். காரணம் வடிவுடையாள். கோயில் நந்தவனத்தில் கூலி வாங்காமல் கைங்கரியம் செய்கிறவள். எது களை, எது நல்ல செடி என்று தொட்டே சொல்வாள். போன வருஷத் தெப்பத் திருவிழாவில் ராஜா முதல் மாலையை அவளுக்குக் கொடுத்துவிட்டார். இருபது வருஷமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்ற விடங்கருக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

‘களை பிடுங்குகிறவளுக்கு மாலையா? பார்க்கிறேன்!’ என்று கறுவினார். கப்பல் வியாபாரி ஒருவனிடம் நீலப் பூப் பூக்கும் அயல்நாட்டு நீர்ச்செடி ஒன்றை வாங்கித் திருக்குளத்தில் மிதக்கவிட்டார். “மகாராஜா, இது ராஜதாமரை. தங்கள் பெயரால் பூக்கிறது” என்றார். ராஜா குளிர்ந்துபோனார். “இதன் இலையைக் கிள்ளுகிறவன் விரலைக் கிள்ளிவிடுவேன்!” என்று உத்தரவு போட்டார்.

நாலே மாதம். பாதிக் குளத்தைச் செடி மூடிவிட்டது. வடிவு சபைக்கு வந்தாள்.

“மகாராஜா, விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனைத் துரத்திவிட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டான். செடி மூடிய பக்கம் அல்லியைக் காணோம். மீன் மூச்சுத் திணறுகிறது. தெப்பம் எப்படி ஓடும்?”

“பொறாமை மகாராஜா! நான் கொண்டுவந்த செடி இப்படிச் செழிக்கிறதே என்று இவளுக்குப் பொறாமை!” என்று கத்தினார் விடங்கர். யாருக்குப் பொறாமை என்பது அவர் வயிற்றுக்குத் தெரியும்.

வடிவு கோபப்படவில்லை. “ராஜாவின் செடி ராஜா பேச்சைக் கேட்குமல்லவா? குளத்தின் நடுவே ஒரு கயிறு கட்டுங்கள். அதைத் தாண்டக்கூடாதென்று செடிக்கு உத்தரவு போடுங்கள். பதினைந்து நாளில் தாண்டாவிட்டால் நான் நந்தவனத்துப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன்.”

“தாண்டினால்?” என்றார் ராஜா.

“அது குடிமகன் இல்லை, பகைவன். படை திரட்ட வேண்டியதுதான்.”

ராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். “போட்டேன் உத்தரவு! விடங்கரே, செடி பணிந்தால் முதல் மாலை உமக்கு!”

மூன்றாம் நாள் விடங்கர் மிடுக்காகக் குளத்துக்குப் போனார். கயிற்றுக்கு அடியில் நுழைந்து பத்துச் செடி இந்தப் பக்கம் வந்திருந்தது. அவருக்கு வியர்த்துவிட்டது. மத்தியானம் காவலர்கள் சாப்பிடப் போனதும் மோதிரங்களைக் கழற்றி வைத்து, வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கைக்கு வந்தபடி பிய்த்துப் பிய்த்துப் போட்டார். இரண்டே நாளில் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகி அவரைப் பார்த்துத் தலையாட்டியது.

நீர்க்களை எடுக்கும் விதத்தை வடிவு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை எப்போதோ காதில் வாங்கியிருந்தார்: “பிய்க்காதீங்க. வேரோடு தூக்கிக் கரையில கவிழ்த்துக் காயப்போடுங்க.” அவள் சொன்னதைச் செய்வதா என்று மனசு கொதித்தது. ஆனால் மாலை வேண்டுமே! தினமும் மத்தியானம் தூக்கினார், கவிழ்த்தார், காயப்போட்டார். ஒருநாள் தவறுதலாக ஓர் அல்லியைப் பிடுங்கிவிட்டு, மனசு கேட்காமல் மறுபடியும் சேற்றில் ஊன்றி வைத்தார்.

பதினைந்தாம் நாள் சபை முழுக்கக் குளக்கரையில் கூடியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் பச்சைப் பாய் விரித்தது போலச் செடி. இந்தப் பக்கம் தெளிந்த தண்ணீர், நடுவில் மூன்று அல்லிப்பூ. விடங்கருக்குத் தலைகால் புரியவில்லை. ராஜா மாலையைக் கையில் எடுத்தார்.

கரையில் கவிழ்ந்து காய்ந்து கிடந்த சருகை வடிவு குனிந்து பார்த்தாள். பிறகு ஒரு தாம்பாளத்தைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வைத்தாள்.

“தோற்றேன் மகாராஜா. போகுமுன் ஒரு கவலை. துணிக்கு அடியில் நாலு செடி இருக்கிறது. கண்ணால் பார்க்காமல் கையால் தடவி, எது எதுவென்று சொல்ல என்னை விட்டால் இங்கே ஆளில்லையே.”

மந்திரி தடவி அல்லியை ராஜதாமரை என்றார். தளபதி கோரையை அல்லி என்றார். “அடடா, வடிவுக்கு நிகர் யாருமே இல்லை போலிருக்கிறது!” என்றார் ராஜா.

விடங்கருக்குக் காது வரைக்கும் எரிந்தது. மாலை கைக்கு வரும் நேரத்தில் அந்தப் பேர் மட்டும் அவளுக்கா?

“நகருங்கள்!” என்று துணிக்குள் கையை விட்டார். “வழவழவென்று இருப்பது அல்லி. மூன்று பட்டையாக இருப்பது கோரை. கிழங்கோடு இருப்பது கொட்டி. இதோ, தண்டு வெங்காயம் மாதிரி உப்பியிருக்கிறதே, இதுதான் ராஜதாமரை! துண்டு விழுந்தால் துண்டுக்கொன்று முளைக்கும். வேரோடு தூக்கிக் கவிழ்த்துக் காயப்போட்டால்தான் சாகும்!”

சொல்லி முடித்த பிறகுதான் தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைத்தது.

“இதுவரை எத்தனை காயப்போட்டீர், விடங்கரே?” என்றார் ராஜா.

“ஒரு முந்நூறு இருக்கும் மகாராஜா. ஒருநாள் விட்டால்கூடத் தாண்டிவிடுகிறது.” அவர் தலை தொங்கிப்போயிற்று.

“விரலைக் கிள்ளவா?”

“வேண்டாம் மகாராஜா,” என்றாள் வடிவு. “அந்தப் பத்து விரலும் இந்தக் குளத்துக்கு வேணும்.”

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். “ராஜதாமரையாவது, வெங்காயமாவது! பழைய உத்தரவு ரத்து. எல்லாரும் இறங்குங்கள்! விடங்கரே, இனி உமக்கும் நந்தவனத்தில் கைங்கரியம்தான்.”

தெப்பம் ஓடியது. முதல் மாலை வடிவுக்குத்தான் போயிற்று. விடங்கருக்கு அன்றைக்கும் வயிறு எரிந்தது. ஆனால் மாலையைப் பார்த்து இல்லை. கரையில் வடிவு காயப்போட்டிருந்த குவியல் தம்முடையதைவிட ஒரு முழம் உயரமாக இருந்தது. அங்கவஸ்திரத்தை உதறி வைத்துவிட்டு, மூலையில் மிச்சமிருந்த செடியைத் தூக்க மறுபடியும் தண்ணீரில் இறங்கினார்.