ஒதியங்குளம் போராடிப் பெற்ற மழை விடுமுறை

ஒதியங்குளத்துக்காரர்கள் எதையும் கேட்டு வாங்க மாட்டார்கள், போராடித்தான் வாங்குவார்கள். வாங்கியதை வைத்து என்ன செய்வார்கள் என்பது வேறு விஷயம்.

அந்த ஊர்ப் பள்ளிக்கு மழை விடுமுறை உண்டா இல்லையா என்பதை நாற்பது மைல் தள்ளி நகரத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அங்கே தூறினால், இங்கே மண்டை பிளக்கும் வெயிலில் விடுமுறை. இங்கே வெள்ளம் வந்தால், அங்கே துணி காய்கிறது என்று பள்ளி உண்டு. பெற்றோர் சங்கத் தலைவர் சிங்கராயர் பொறுப்பாரா? ஏழு வருடம் மனு, மூன்று உண்ணாவிரதம், ஒரு சாலை மறியல். ஊருக்கு பஸ் கிடையாது என்பதால், பஸ் வரும் ஊருக்கு நடந்துபோய் மறித்தார்கள்.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. ஒரு மழைமானியும் ஓர் ஆணையும் வந்தன. காலை ஆறு மணிக்கு மழைமானி ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் காட்டினால் ஊரே விடுமுறை விட்டுக்கொள்ளலாம். அந்த அளவு காட்டாமல் ஒரே ஒரு நாள் விட்டாலும் உரிமை பறிபோகும். நாற்காலிக்கும் பீரோவுக்கும் எழுதுகிற அதே வரியை எழுத்தர் பழக்கதோஷத்தில் கடைசியில் சேர்த்திருந்தார்: ‘அரசுச் சொத்து. வெயில், மழை படாமல் பாதுகாக்கவும்.’

சிங்கராயர் அதை மூன்று முறை வாசித்தார். பிறகு மழைமானியை வகுப்பறைக்குள் கொண்டுபோய், ஓடு ஒழுகாத இடமாகப் பார்த்து, தலைமையாசிரியை அமலோற்பவத்தின் மேஜைமேல் வைத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாள் வகுப்பில் முழங்காலளவு தண்ணீர். பிள்ளைகள் பெஞ்சின்மேல் நின்று வாய்ப்பாடு சொன்னார்கள். காவலாளி வேலாண்டி ஆறு மணிக்குப் பார்த்த மழைமானிக்குள் மறுபடியும் எட்டிப் பார்த்தான்.

“பூஜ்யம், அண்ணாச்சி.”

“நல்லாப் பார்த்தியா?” என்று கேட்டார் சிங்கராயர்.

“விரலை விட்டுத் துழாவிட்டேன். தூசிதான் இருக்கு.”

அமலோற்பவம் சேலைத் தலைப்பைப் பிழிந்தபடி, தான் நனைந்திருப்பதைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்டார்.

“நனைஞ்சதுக்கெல்லாம் லீவுன்னா, குளிச்ச அன்னிக்கெல்லாம் லீவு விடணும் டீச்சர்,” என்றார் சிங்கராயர். “பட்டினி கிடந்து வாங்கின உரிமை. பொய் அளவு சொல்லி அதை இழக்க நான் சம்மதிக்க மாட்டேன்.”

மழைமானி இருக்கும் இடம் மழைக்குத் தெரியவில்லையோ என்று வேலாண்டிக்குச் சந்தேகம். வாசலில் அம்புக்குறி போட்டு ‘மழைமானி உள்ளே’ என்று எழுதி வைத்தார்கள். மறுநாளும் பூஜ்யம். வேலாண்டி மழையைக் குறை சொல்லவில்லை.

“அதுபாட்டுக்கு பள்ளிக்கூடத்துக்கு வெளியவே நிக்குது. அதுக்கு எங்கிட்டு எழுத்து தெரியும்?”

அன்று இரண்டாம் வகுப்புப் பெஞ்சு ஒன்று நான்கு பிள்ளைகளோடு மிதந்து வாசல்வரை போய்த் திரும்பியது. நால்வரும் தாமதம் என்று பதிவேட்டில் குறித்துவிட்டு, அமலோற்பவம் நகரத்து அதிகாரிக்குப் போன் போட்டார். அதிகாரி முழுதும் கேட்டார்.

“மேல கூரை இருந்தா உள்ள எப்படிம்மா மழை விழும்? முதல்ல மழைமானிக்கு மேல இருக்கிற கூரையை எடுங்க.”

பதிலைக் கேட்டதும் சிங்கராயருக்குக் கண் கலங்கியது. ஏழு வருடத்தில் ஓர் அதிகாரி நேராகப் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை. ஊரே ஏணி வைத்து ஏறியது. சாயங்காலத்துக்குள் பள்ளிக் கூரையில் ஓர் ஓடு மிச்சமில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு ஏழு சென்டிமீட்டர். வேலாண்டி அதை இரண்டு தடவை சொன்னான். சிங்கராயர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒதியங்குளத்தின் முதல் சொந்த விடுமுறையை அறிவித்தார். பெண்கள் குலவை போட்டார்கள். இனி எந்த நகரமும் தன் வானத்தைப் பார்த்து நமக்கு விடுமுறை சொல்ல வேண்டாம் என்று கோஷம் எழுந்தது.

எல்லோரும் போனபிறகு, அளந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, சிங்கராயர் ஆணையை மறுபடி எடுத்து அதன் கடைசி வரியை வாசித்தார். போனில் சொன்னது வாய்ப்பேச்சு, இது எழுத்து. உரிமையைக் கொடுத்த கை அதைப் பறிக்கக் காரணம் தேடிக்கொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியாததா? தன் குடையை விரித்து மழைமானிக்குப் பிடித்தார். கூரையில்லாத வகுப்பில் பகலும் இரவும் அசையாமல் நின்று நனைந்தார். மழைமானிக்குள் ஒரு சொட்டு விழ விடவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு வேலாண்டி குடைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தான்.

“பூஜ்யம், அண்ணாச்சி.”

கொட்டுகிற மழையில் சிங்கராயர் பெருமூச்சு விட்டுத் தலையசைத்தார். வேலாண்டி நீந்திப்போய்ப் பள்ளி மணியை அடித்தான்.