முடியாதென்று சொல்லும் சாஃப்ட்வேர்

ரோசலின் மேடத்தைக் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து தூக்கிப் பயிற்சிக் கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். அங்கே பயிற்சி எதுவும் நடப்பதில்லை. கோயம்புத்தூரின் அந்த மோட்டார் பம்பு கம்பெனியில் வேலையை விட்டுத் துரத்தாமல் துரத்துவது இப்படித்தான்.

கம்ப்யூட்டர் பிரிவில் அவர் இடத்தில் இப்போது கனகசபை. ரோசலினிடமே தொழில் படித்தவர். ஏதாவது சிக்கினால் இன்றும் இங்கேதான் வருவார், யாரும் பார்க்காத நேரமாய்ப் பார்த்து.

“உக்காரு கனகு. சாப்டியா?”

“பசிக்கலைங்க மேடம். ஒரு சந்தேகம்.”

“சந்தேகம்னா சாப்டுட்டு வந்திருப்ப. இது பயம். சொல்லு.”

கொள்முதல், உற்பத்தி, விற்பனை என்று கம்பெனி மொத்தமும் ஓடும் மென்பொருள் பழசாகிவிட்டது. புதியது வருகிறது. வாங்கியதை வாங்கியபடி எவரும் வைத்துக்கொள்வதில்லை. தங்கள் வழக்கத்துக்கு வளைப்பார்கள். எந்த ஃபிரேம்வொர்க்கில், அதாவது எந்த மாதிரிச் சட்டகத்தை வைத்து வளைப்பது என்று நாளைக்கு எம்.டி.யிடம் கனகசபை சொல்லியாக வேண்டும்.

“மூணு இருக்குங்க. ஒண்ணுல உள்ளேயே கைவெச்சு எதை வேணா மாத்தலாம். இன்னொண்ணுல கோடே எழுத வேண்டாம், கட்டத்தை இழுத்து இழுத்துப் போட்டாப் போதும். மூணாவது ரொம்பக் கெடுபிடி. உள்ளே தொட விடாது. அதைச் செஞ்சவன் திறந்துவெச்ச வாசல் வழியாத்தான் போகணும்.”

“உனக்கு எது?”

“மூணாவதுங்க.”

“உங்கூட இருக்கற பசங்க சாபம் விடுவாங்களே.”

“விடட்டுங்க. அதுல அந்தப் பட்டனைப் போட முடியாது.”



அந்தப் பட்டன் சங்கதி இதுதான். தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, கரண்ட் கசிகிறதா என்று சோதிக்காத மோட்டாரை லாரியில் ஏற்ற மென்பொருள் விடாது. மாசக் கடைசியில் அத்தனையையும் சோதிக்க நேரமேது? தட்டினால் சோதனை முடிந்ததாகக் காட்டும் பட்டன் ஒன்று கேட்டார் எம்.டி. ரோசலின் மாட்டேன் என்றார். பயிற்சிக் கூடம் கிடைத்தது. அந்தப் பட்டனைக் கனகசபை செய்து கொடுத்தார். போன பங்குனியில், அப்படிப் போன மோட்டார் ஒன்று அன்னூர்ப் பக்கம் கிணற்றடியில் ஒரு தோட்டத்துக்காரரைக் கொன்றது. பட்டன் இன்னும் இருக்கிறது. தட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். லாரி கிளம்பும் சத்தம் கேட்டாலே கனகசபை ஜன்னலைச் சாத்திவிடுகிறார்.

“புதுசுல அது வரக் கூடாதுங்க மேடம். இன்னொரு உசுரு போனா என்னால தாங்க முடியாது. கெடுபிடியானதையே எடுத்துட்டா, ஃபிரேம்வொர்க்கே விட மாட்டேங்குதுங்கன்னு சொல்லிரலாம். சரிதானுங்களே?”

மேடம் எழுந்துபோய் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

“நான் எம்.டி. நீ அந்த மூணாவதையே எடுத்துட்ட. எல்லாம் நல்லா ஓடுது. இன்னிக்கு மாசக் கடைசி.”

“மேடம்...”

“மேடம் இல்ல. சார்.”

கனகசபை சிரிக்கப் பார்த்தார். எதிர்ப்பக்கம் சிரிப்பில்லை.

“என்னய்யா கனகசபை, லாரி நிக்குது. பட்டன் எங்க?”

“இதுல முடியாதுங்க சார். உள்ளே தொட விடாது.”

“வெளிய இருந்து போடு.”

“வெளியே இருந்து... சோதிக்காமலே, சோதிச்ச மாதிரி ஒரு நம்பரை அந்த வாசல் வழியா நாமளே அனுப்பினா வாங்கிக்கும். ஆனா அது நல்லா இருக்காதுங்க சார்.”

“நல்லா இருக்கறதையா கேட்டேன்? வாங்குமா, வாங்காதா?”

“வாங்குங்க.”

“எப்பத் தருவ?”

கனகசபை நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கைகளை முன்னால் கட்டியிருந்தார்.

“சாயந்திரத்துக்குள்ள தந்துர்றேங்க சார்.”

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

“எதை வேணா எடுத்துக்க கனகு,” என்றார் மேடம். “மூணுலயும் அந்தப் பட்டன் சாயந்திரத்துக்குள்ள வந்துரும்.”