மேல்மாடி அறையின் காற்று

"அம்மா, என் வீட்டு ஏசி போயிடுச்சு. புதுசா எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் அருணகிரி.

மடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆத்மாவைப் பற்றிக் கேட்க வந்திருந்த வங்கி அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். ஞானம் கேட்கிற இடத்தில் வந்து ஏசி கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

மடத்தை நடத்தும் மரகதம்மா சிரிக்கவில்லை.

அவர் அருணகிரியைவிட வயதில் சின்னவர். தங்கை என்று சொல்லலாம். காவி கட்டுவதில்லை, வெளுத்துப்போன நூல் சேலைதான். கேட்டதற்குப் பதில் சொல்வார், அல்லது சொல்லாமலே இருந்துவிடுவார். யாரையும் கேலி செய்ததில்லை.

மகன் இறந்தபிறகு அருணகிரி இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. இன்றைக்குத்தான் வந்திருக்கிறார். மகனைப் பற்றிக் கேட்பார், அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ ஏசியைப் பற்றிக் கேட்டார்.

"எந்த மாதிரி ஏசிங்க ஐயா?"

"வீடு முழுக்க ஒரே ஏசிம்மா. மொட்டைமாடியில மெஷின். அங்கிருந்து சீலிங்குக்குள்ள பெரிய குழாய் ஓடி எல்லா ரூமுக்கும் காத்து வரும். வீடு கட்டும்போதே போட்டது. இனிமே ரிப்பேர் பண்ண முடியாதுன்னு கையை விரிச்சுட்டாங்க."

"அதே மாதிரி புதுசா ஒண்ணு வாங்குங்க."

"முடியாதும்மா."

"அப்ப ரூமுக்கு ஒண்ணா தனித்தனியா வாங்குங்க."

"அதுவும் முடியாதும்மா."

வங்கி அதிகாரி இப்போது சத்தமாகவே சிரித்துவிட்டார்.

அருணகிரி தலையைக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

"சொல்லுங்க ஐயா" என்றார் மரகதம்மா.

அருணகிரி சொன்னார்.

மகன் பெயர் முகுந்தன். கல்லூரியில் கடைசி வருஷம். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மேல்மாடியில் அவன் அறை. காரியம் முடிந்த அன்றைக்கு அவன் அம்மா வேதவல்லி அந்த அறையைச் சாத்தினாள். கசங்கிய போர்வை கசங்கினபடி, கதவில் மாட்டிய சட்டை மாட்டினபடி. பெருக்குவதற்குக்கூட யாரும் உள்ளே போகக் கூடாது என்றாள். இவரும் போகவில்லை.

ஆனால் அந்த ஏசிக்குக் கதவு தெரியாது. எல்லா அறைக் காற்றையும் இழுத்து, கலந்து, குளிரவைத்து, திரும்ப எல்லா அறைக்கும் அனுப்பும். மெஷின் ஓடினவரைக்கும் முகுந்தன் அறைக் காற்றும் கொஞ்சம் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.

"கரண்டியும் கையுமா கூடத்துக்கு வந்து, காத்து வர்ற கம்பிக்குக் கீழ நிப்பாம்மா. 'அவன் வாசனைங்க'ம்பா. அதை வெச்சுத்தான் அவ இத்தனை நாள் ஓட்டினா."

தனித்தனி ஏசி என்றால் அந்தந்த அறைக் காற்று அந்தந்த அறைக்குள்ளேயே சுற்றும். முகுந்தன் காற்று அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிடும். சரி, பழைய மாதிரியே வாங்கலாம் என்றால், குழாய் முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டதாம். எல்லாவற்றையும் பிய்த்து எடுக்க வேண்டுமாம். முகுந்தன் அறைச் சீலிங்கை உடைக்காமல் வேலை நடக்காது.

"அளவெடுக்க வந்த ஆள், 'வீட்டுல எத்தனை பேர் சார்'னு கேட்டான். அதைப் பார்த்துத்தான் மெஷின் பெருசா சின்னதான்னு முடிவு பண்ணுவாங்களாம். நான் வாய்ப்பழக்கத்துல மூணு பேர்னுட்டேன்."

மரகதம்மா கண்ணை மூடித் திறந்தார்.

"அவ சமையல்கட்டுல இருந்தா. காதுல விழுந்துடுச்சு. அடுப்பை அணைச்சா. மாடிக்குப் போய் அந்தக் கதவுக்கு வெளியில உக்காந்தா. அதுக்கப்புறம் எறங்கி வரவே இல்லை. என்கூடப் பேசறதும் இல்லை. இந்தக் கத்திரி வெயில்ல மாடி கொதிக்குது. ஒரு ஃபேனை வாங்கி வெச்சேன், அனலைத்தான் வாரி அடிக்குது. நேத்து மயங்கி விழுந்துட்டா. இனிமே இந்தச் சூட்டுல வெச்சிருந்தா உயிருக்கு ஆபத்துன்னுட்டார் டாக்டர்."

அவர் குரல் உடைந்தது.

"அவனைத்தான் காப்பாத்த முடியல. இப்ப இவளையும் கண்ணு முன்னாலயே விட்டுட்டு நிக்கறேன். எதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. பூவா தலையா போட்டாவது சொல்லுங்க."

மரகதம்மா எழுந்தார்.

"கார்லதானே வந்தீங்க?"

"ஆமாம்மா."

"வாங்க."

மடமே திகைத்துப்போயிற்று. அம்மா யார் வீட்டுக்கும் போனதில்லை. பெரிய பெரிய ஆட்கள் காரோடு வந்து நின்று கூப்பிட்டும் அசைந்ததில்லை.

"அம்மா, என் கேள்வி?" என்று எழுந்தார் வங்கி அதிகாரி.

"ஆத்மா எங்கயும் ஓடிப்போகாதுங்க. உக்காருங்க."

வழியில் அருணகிரி கேட்டார். "அவகிட்ட என்னம்மா சொல்லப்போறீங்க?"

"தெரியலைங்க ஐயா."

அருணகிரிக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போயிற்று. கிளம்பி வந்ததே தப்பு என்று தோன்றியது. திரும்பிப் போகவும் முடியாது.

கடலோரத்து வீடு. ஆனாலும் அடைத்துவைத்த பெட்டியாகப் புழுங்கியது. மாடியில் சாத்திய கதவில் சாய்ந்தபடி வேதவல்லி உட்கார்ந்திருந்தாள். முகம் கறுத்து, உதடு காய்ந்து, பார்க்கவே பயமாக இருந்தது. படியேறி வந்தவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உபதேசம் பண்ணக் கூட்டிட்டு வந்திருக்காரா? வேண்டாம்மா. விதி, கர்மா எல்லாம் வந்தவங்க போனவங்க சொல்லியாச்சு."

"இல்லைம்மா" என்றார் மரகதம்மா.

எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

நேரம் போயிற்று. மரகதம்மாவின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கழுத்தில் ஓடியது. சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கத் தொடங்கியது. அருணகிரி தண்ணீர் கொண்டுவந்தார்.

"அம்மா, கீழ போயிடலாம். உங்களுக்கு ஒத்துக்காது."

மரகதம்மா நகரவில்லை. ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இரண்டு பேரும் விழப்போகிறார்கள் என்று அருணகிரி பயந்தார்.

வேதவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்சல் கொடுக்க வருகிறவனைக்கூட உள்ளே நிறுத்தி, மோர் கொடுத்து, முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறவள் அவள். அவள் வாசலில் யாரும் வாடி நின்றதில்லை.

"ஏங்க" என்றாள்.

அருணகிரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை நாள் கழித்து இந்த 'ஏங்க'!

"வீட்டுக்கு வந்தவங்க இப்படி வேர்த்து வடியறாங்க. மரம் மாதிரி பார்த்துக்கிட்டு நிக்கறீங்களே?"

"நான் என்ன பண்ணட்டும் வேதா?"

"கடல் காத்து இந்த ரூம் ஜன்னல் வழியாத்தான் வரும்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மரகதம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்த்திக்கொண்டார். மறுபடியும் சாய்ந்தது.

வேதவல்லி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் தள்ளித் திறந்தாள்.

உள்ளே கட்டிலை அவள் பார்க்கவில்லை. நேராக ஜன்னலுக்குப் போனாள். வீடு குடிவந்த நாளிலிருந்து அந்த ஜன்னலை யாரும் திறந்ததில்லை. ஏசி வீட்டில் ஜன்னலைத் திறந்தால் குளிர் வீணாகும் என்று திறக்கப்போன பையனைத் திட்டி நிறுத்தியவர் அருணகிரிதான். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அவள் இழுத்தாள், அது அசையவில்லை.

"ஏங்க, வந்து எடுங்க. அவங்களுக்கு முடியல."

அருணகிரி உள்ளங்கையால் ஓங்கி அடித்தார். தோல் கிழிந்தது. இன்னொரு அடியில் தாழ்ப்பாள் விட்டுக்கொடுத்தது.

காற்று திமுதிமுவென்று உள்ளே வந்தது.

மேஜைமேல் காகிதங்கள் பறந்தன. கதவில் மாட்டியிருந்த சட்டை ஆடிற்று. வெளியே மரகதம்மா எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் உயிர் வந்தது.

வேதவல்லி திரும்பினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு ஓடிப்போய்ப் போர்வையை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். சட்டையைப் பிடுங்கி அதற்குள் சுருட்டினாள்.

"ஐயோ, போகுதுங்க! அவன் வாசனை போகுதுங்க! மூடுங்க. சீக்கிரம் மூடுங்க!"

அருணகிரி ஜன்னல் கதவில் கை வைத்தார். மூடினால் இவள் இந்தச் சூட்டிலேயே வெந்து போவாள். மூடாவிட்டால் பிள்ளையில் மிச்சமிருந்ததும் போய்விடும். கை அங்கேயே நின்றது.

"அம்மா! இப்பவாவது ஒரு வார்த்தை சொல்லுங்களேன்!" என்று கத்தினார்.

மரகதம்மாவின் கண்களும் நிறைந்திருந்தன.

"மூச்சை இழுங்க" என்றார். "ரெண்டு பேரும். அவன் காத்தை நல்லா உள்ள இழுங்க."