கானாங்கோழி கேட்ட கோரை

ஒரு ஊர்ல ஒரு குளம் இருந்துச்சாம். கரையைச் சுத்தி ஆள் உயரத்துக்குக் கோரை. ஆனா மழைக்கு முன்னால வீட்டுக்கு ஒரு துண்டுன்னு கரையைப் பிரிச்சுக் குடுத்து, கோரையெல்லாம் புடுங்கி மொட்டையா வைக்கணும்னு அந்த ஊர்ல வழக்கம். அதுதான் சுத்தமாம். மணியக்காரர் சடையப்பன் சொன்னார், ஊரும் தலையாட்டுச்சு.

கோரைக்குள்ள ஒரு கானாங்கோழி, அதான் வாலை வாலை ஆட்டிக்கிட்டு ஓடுமே, அது அடை உக்காந்திருந்துச்சு. மொதல்ல மணியக்காரர் துண்டுல. "புடுங்காதீங்க, முட்டை இருக்கு"ன்னுச்சு. அவர் காதுலயே வாங்கல, கூடு போச்சு. அப்புறம் அடுத்த துண்டுல கட்டுச்சு. "புடுங்காதீங்க, முட்டை இருக்கு"ன்னுச்சு. அந்த வீட்டுக்காரர் மணியக்காரருக்குப் பயந்துக்கிட்டுப் புடுங்கிட்டார். மூணாவதா சீனியம்மா துண்டுல கட்டுச்சு. சீனியம்மா நிறைமாசக்காரி.

"புடுங்காதே தாயி, முட்டை இருக்கு. இதுவும் போனா எனக்கு வேற இல்ல"ன்னுச்சு.

"வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு உன் கூட்டைக் கலைச்சா எனக்குச் சோறு எறங்குமா? நீ இரு"ன்னா சீனியம்மா.

அதோட விட்டாளா? மத்தவங்க வேரோட புடுங்கிப் போட்ட கோரைத் தூரையெல்லாம் பொறுக்கிட்டு வந்து தண்ணி ஓரமா நட்டா, நாளைக்குக் குஞ்சு பருந்து கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு.

மணியக்காரருக்குக் கோவம். அவ வயலுக்குப் போற வாய்க்காலை அடைச்சுட்டார், கோரையைப் புடுங்கினாதான் தொறப்பேன்னுட்டார். அவளுக்கு இருக்கறதே அந்த ஒரு வயல்தான். நாத்து மஞ்சளாச்சு. வரப்புல உக்காந்து அழுதா. அழுதாளே தவிர புடுங்கல.

அப்புறம் மழை வந்துச்சு, கூடவே காத்தும் வந்துச்சு, குளம் தளும்பி அலை மொட்டைக் கரையை மோதி மோதி மண்ணைக் கரைச்சுது. எல்லாத்துலயும் மொட்டை மணியக்காரர் துண்டுதானே, அதான் மொதல்ல உடைஞ்சுது. அதுக்கு நேர் கீழே அவர் வயல். பயிரெல்லாம் சேத்துக்குள்ள போயிடுச்சு. சீனியம்மா துண்டுல அலை கோரைக்குள்ள பூந்து அடங்கிடுச்சு. கூடு அசையல, முட்டை பொரிஞ்சுது, அவளுக்கும் பொண்ணு பொறந்துச்சு.

வெயில் திரும்பினதும் ஊர்க்காரங்களே வாய்க்காலைத் தொறந்து, மொத முறைத் தண்ணியை அவ வயலுக்கு விட்டாங்க. மணியக்காரர் தன் துண்டுல நடறதுக்குக் கோரைத் தூர் கேட்டு சீனியம்மாகிட்ட வந்து நின்னார்.

"அதுல குடியிருக்கறது நானா மாமா? அதுகிட்டக் கேளுங்க"ன்னுட்டா.

யாருக்கும் குனியாத மனுஷன், முழங்கால் சேத்துல நின்னு கானாங்கோழிகிட்டக் கேட்டார்.

"என் ரெண்டு கூடு எங்க போச்சு?"ன்னுச்சு அது.

அவர் தோள்ல கிடந்த மேல்துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டார்.

"சரி, நட்டுக்கோங்க. நட்டா அது எங்க வீடு, இனி யாரும் புடுங்கக் கூடாது. அது தழைக்கற வரைக்கும் என் குஞ்சுகளுக்கு நீங்கதான் பருந்து ஓட்டணும்"ன்னுச்சு.

அப்புறம் என்ன, தன் கையாலயே நட்டார். வெயில்ல நின்னு மேல்துண்டைச் சுழட்டி "ஓ ஓ"ன்னு பருந்து ஓட்டினார். குடியிருக்கறவங்க வீட்டைப் புடுங்கினா அந்த வீட்டுக்கே காவல் நிக்கணும், ஆமா. கோரை வேர் பிடிச்சுது, கதை கரை சேந்துது, நீ கண்ணை மூடு.