ஐந்தாம் ஆளின் முறை

“நாளைக்கு யாரை எறியச் சொல்லட்டும், அம்மா?”

பொன்னுத்துரை வந்ததும் வராததுமாகக் கேட்டார். கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.

மடத்தம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க.”

சிறுமலைச் சரிவில் இருந்தது மடம். ஏறிவர முந்நூறு படி. பொன்னுத்துரைக்கு வயது அறுபத்தொன்று, அம்மாவுக்கு நாற்பத்து மூன்று. குருவுக்குத் தன்னைவிட வயது குறைவு என்பதை அவர் பதினொரு வருடமாக ஒரு குறையாக நினைத்ததில்லை. அவர் மனைவிதான் நினைத்தார்.

உட்கார்ந்தார்.

“நாளைக்குக் கடைசி ஆட்டம். ஜெயிச்சா மாநிலப் போட்டிக்குப் போறோம். இருபத்திரண்டு வருஷமா நான் கோச்சா இருக்கேன். ஒரு தடவைகூடப் போனதில்ல.”

“சரி.”

“ரெண்டு பேர்ல ஒருத்தன்தான் எறியணும். யாருன்னு நீங்க சொல்லுங்க.”

“எனக்கு உங்க ஆட்டமே தெரியாதே. சொல்லிக் குடுங்க.”

அவர் சொல்லிக்கொடுத்தார்.

கிரிக்கெட்டைத் தவிர இன்னொரு பந்தாட்டம் நம் ஊரில் நடக்கிறது என்றால் பாதிப் பேர் சிரிப்பார்கள். பொன்னுத்துரை ஆயுள் முழுக்க அந்தச் சிரிப்பைப் பார்த்தவர். அவர் ஆட்டம் பேஸ்பால். அதில் பந்து எறிகிறவனைப் பிட்சர் என்பார்கள். ஆட்டத்தின் உயிர் அவன் தோளில் இருக்கிறது. ஒரு நாள் நூறு பந்து எறிந்தால் அந்தத் தோள் நாலு நாள் ஓய வேண்டும். அதனால் ஓர் அணிக்கு ஐந்து பிட்சர்கள். இன்றைக்கு ஒருவன், நாளைக்கு அடுத்தவன். ஐந்தாம் ஆள் எறிந்து முடித்தால் மறுபடி முதல் ஆள்.

“எங்க மடத்துச் சமையல் மாதிரி” என்றார் அம்மா. அங்கேயும் ஐந்து பேர் முறைவைத்துச் சமைக்கிறார்கள்.

“அதே மாதிரிதான்.”

“இதுல என்ன குழப்பம்? நாளைக்கு யார் முறையோ அவர் எறியட்டும்.”

பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

“நடுவுல ஒருத்தனை வாங்கினேன், அம்மா.”

பெயர் எபநேசர். தூத்துக்குடிக்காரன், இருபத்திரண்டு வயது. அவன் எறிந்தால் பந்து எங்கே வருகிறது என்று மட்டை பிடித்தவனுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். வேறோர் ஊர் அணியில் இருந்தான். பொன்னுத்துரை தன் ஆட்களில் இரண்டு பேரைக் கொடுத்து அவனை மாற்றிக்கொண்டார். கொடுத்ததில் ஒருவன் மூன்றாம் பிட்சர், இன்னொருவன் நன்றாக அடிக்கிறவன். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

“புது ஆளை எங்க வச்சீங்க?”

“முதல்ல.”

“முதல்ல இருந்தவர்?”

“ரெண்டாவது ஆனான். ரெண்டாவது ஆளு மூணாவது ஆனான்.”

“அவங்களுக்கு வருத்தமில்லையா?”

“இருந்துச்சு. ஆனா முறை போகல. எல்லாருக்கும் எறிய நாள் கெடச்சுது.”

“எல்லாருக்குமா?”



“ஐந்தாவது ஆளுக்குக் கெடைக்கல.”

அம்மா அடுத்த கொத்தை எடுத்தார்.

“மழை பெஞ்சு ஒரு ஆட்டம் நின்னுபோனா, சுத்து ஒரு நாள் தள்ளிப்போகும். ஐந்தாவது ஆளோட முறை வர்றப்போ முதல் ஆளுக்கு நாலு நாள் ஓய்வு முடிஞ்சிருக்கும். அப்போ ஐந்தாவது ஆளைத் தாண்டிட்டு முதல் ஆளையே மறுபடி எறக்கலாம். விதியில தப்பில்ல. எல்லா கோச்சும் செய்யறதுதான்.”

“எத்தன தடவ மழை பெஞ்சுது?”

“மூணு தடவ.”

“எத்தன தடவ தாண்டினீங்க?”

“மூணு தடவ.”

ஐந்தாம் ஆள் சுருளிவேல். முப்பத்து நாலு வயது. திண்டுக்கல்லில் ஒரு பூட்டுப் பட்டறையில் வேலை. ஆறு வருடமாக அணியில் இருக்கிறான். பெரிய எறிகாரன் என்று அவனை யாரும் சொல்லமாட்டார்கள். முறைக்கு வராமல் இருந்தான் என்றும் யாரும் சொல்லமாட்டார்கள்.

“அவர் கடைசியா எறிஞ்சு எத்தன நாளாச்சு?”

“இருபது நாள்.”

“ஒண்ணும் கேக்கலையா?”

“ரெண்டு தடவ வந்து நின்னான். ‘கோச், ஒரு விஷயம்’னான். முறை கேக்கத்தான் வர்றான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு தடவையும் போன் பேசற மாதிரி வேற பக்கம் போயிட்டேன். என்ன பதில் சொல்றது, அம்மா? அவன் மூஞ்சியைப் பாக்க வெக்கமா இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் அவன் வரல. நானும் பேசல.”

வெக்கமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டதே அவருக்குப் பெரிய காரியம். அதற்கு மேலும் ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

“இன்னைக்கு ஆட்டம் இல்ல. அதனால எபநேசருக்கு நாளைக்கு நாலு நாள் ஓய்வு சரியா முடிஞ்சிருக்கும். முறைப்படி பாத்தா சுருளி. ஜெயிக்கணும்னா எபநேசர். இவ்வளவுதான் கேள்வி.”

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்.”

மடத்தம்மா கீரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தார்.

“வலது கையைத் தூக்குங்க.”

“எதுக்கு, அம்மா?”

“நேரா. தலைக்கு மேல. இந்தக் கீரைய உருவி முடிக்கிற வரைக்கும்.”

பொன்னுத்துரை கையைத் தூக்கினார். ஒரு காலத்தில் அவரும் எறிந்தவர்தான். இது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்தார்.

அம்மா ஒவ்வொரு காம்பாக எடுத்தார். பழுத்த இலையைப் பொறுக்கித் தள்ளினார். அவசரமே படவில்லை.

கீழே ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

கை கனத்தது. தோளில் ஓர் ஊசி குத்தத் தொடங்கியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். நெற்றியில் வியர்வை வந்தது. இன்னும் ஒரு கொத்து பாக்கி இருந்தது.

“ஐயா.”

“சொல்லுங்க, அம்மா.”

“நான் ஒரு கையைத்தானே தூக்கச் சொன்னேன்?”

பொன்னுத்துரை பார்த்தார். இடது கை எழுந்து வந்து வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

“அது எப்ப வந்துச்சு?”

“தெரியல, அம்மா.”

“யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல. இது வலிச்சதும் அது தானா...”

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. இரண்டு கைகளையும் இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். 

அம்மா கீரையை முறத்தில் போட்டார்.

“நேத்து காலைல...” என்றார் பொன்னுத்துரை. குரல் தணிந்துவிட்டது. “எபநேசர் ரூம் பக்கம் போனேன். சட்டை போட்டுக்கிட்டு இருந்தான். ஒத்தக் கையால பட்டன் மாட்டினான். இடது கையால. வலது கை சும்மா தொங்கிட்டு இருந்துச்சு.”

“எவ்வளவு நேரம் பாத்தீங்க?”

“மூணு பட்டன்.”

“அவர் உங்களைப் பாத்தாரா?”

“இல்ல.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“கதவைச் சாத்திட்டு வந்துட்டேன்.”

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் பொன்னுத்துரைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“நூறு பந்தோட நிறுத்தணும், அம்மா. நான் நூத்தி நாப்பது வரைக்கும் விட்டேன். ஜெயிச்சுக்கிட்டு இருந்தோம். நிறுத்த மனசு வரல. ‘இன்னும் முடியுமா தம்பி’ன்னு கேப்பேன். ‘முடியும் கோச்’ம்பான். அவன் முடியாதுன்னு சொல்ல மாட்டான்னு தெரிஞ்சுதான் கேப்பேன்.”

அந்த நேரத்தில் கஞ்சி வந்தது.

கொண்டு வந்தவர் கல்யாணி. முன்னாள் பஸ் கண்டக்டர், இப்போது மடத்துவாசி. முழுப் பெயர் கல்யாணசுந்தரம். அன்றைக்குச் சமையல் முறை அவருடையது. இரண்டு கிண்ணத்தையும் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

அம்மா ஒரு வாய் குடித்தார்.

“கல்யாணி, உப்பு ரெண்டு தரம் விழுந்திருக்கு.”

“எனக்கும் சந்தேகமா இருந்துச்சு, அம்மா.”

“கண்ணு எப்படி இருக்கு?”

“இடது கண்ணு மங்கலாத்தான் இருக்கு. போட்டதா இல்லையான்னு டப்பாவைப் பாத்துக் கண்டுபிடிக்க முடியல.”

“அடுத்த முறைக்கு டப்பாவைத் திறக்கறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுங்க. பக்கத்துல நிக்கறேன்.”

“சரி, அம்மா.”

கல்யாணி போனார். நடையில் வருத்தம் ஒன்றும் தெரியவில்லை.

பொன்னுத்துரை ஒரு மடக்குக் குடித்தார். நாக்கு சுருண்டது.

“அவரை முறையிலேருந்து எடுத்துடலாமே, அம்மா? கண்ணு தெரியாதவர்.”

“எடுக்கலாம்.”

“அப்போ?”

“எடுக்கறதா இருந்தாலும் அவர்கிட்டதான் முதல்ல சொல்லணும். கஞ்சியைக் குடிங்க. ஆறுது.”

அம்மா தன் கிண்ணத்தை முகம் சுளிக்காமல் குடித்தார்.

பொன்னுத்துரை குடிக்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுருளிய எறக்கினா தோத்துருவோம், அம்மா. இருபது நாளா எறியாத தோளு. ஆரம்பத்துலயே அடிச்சு நொறுக்கிடுவாங்க. எனக்கு இன்னொரு வருஷம் தர மாட்டாங்க. மாநிலப் போட்டியப் பாக்காமலே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.”

“ஆமா.”

“ஆமான்னு சொல்றீங்களே.”

“நீங்க சொன்னதுக்குத்தான் ஆமான்னேன்.”

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கஞ்சியை ஒரே மூச்சில் குடித்தார். உப்பு தொண்டையைப் பிடித்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. உப்பினால் மட்டும் வந்ததல்ல என்று அவருக்கே தெரியும்.

எழுந்து கிண்ணத்தைக் கழுவி வைத்தார். மேல் படிவரை போனார். அங்கே நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும்.

எபநேசர் இரண்டாவது மணியில் எடுத்தான்.

“சொல்லுங்க, கோச்.”

“நாளைக்கு நீ எறிய வேண்டாம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவர் போனைப் பார்த்தார். போகவில்லை.

“எபநேசர்?”

“இருக்கேன், கோச்.”

“அழறியா?”

“இல்ல, கோச்” என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான்.

“எத்தன நாளா வலிக்குது?”

“ரெண்டு வாரமா.”

பொன்னுத்துரை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு வாரமா யாருக்கும் தெரியாமயா இருந்தே?”

“சுருளி அண்ணனுக்குத் தெரியும், கோச். அவங்கதான் தினமும் காலைல பட்டன் போட்டு விடுவாங்க. எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. நேத்து எண்ணெய் வாங்க வைத்தியர்கிட்ட போயிருந்தாங்க. அதான் நானே போட்டுக்கிட்டேன்.”

“சுருளிக்கா?”

“ஆமா, கோச்.”

“ரெண்டு வாரமா அவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

பொன்னுத்துரைக்குக் குரல் உயர்ந்தது. “தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மறுநாளே அவன் முறை அவனுக்கு வந்திருக்குமே.”

“நான் சொல்ல வேண்டாம்னு அழுதேன், கோச். கேக்கல. ‘உன் கை முக்கியம் தம்பி, நான் சொல்லித்தான் ஆவேன்’னு உங்ககிட்ட வந்தாங்க.”

“எப்ப வந்தான்?”

“ரெண்டு தடவ வந்தாங்களே, கோச். நீங்க போன்ல பேசிக்கிட்டு இருந்தீங்களாம்.”

பொன்னுத்துரை படியில் உட்கார்ந்தார்.

 எபநேசர் “கோச், கோச்” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். மடத்தம்மா உள்ளே முறத்தைத் தட்டிக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

“சுருளி இப்ப எங்க?”

“இங்கதான் இருக்காங்க. என் தோள்ல கை வச்சிருக்காங்க.”

“போனை அவன்கிட்ட குடு.”

போன் கை மாறும் சத்தம் கேட்டது. பொன்னுத்துரை வாயைத் திறந்தார். இருபது நாளாகச் சொல்லாத வார்த்தைகளில் எது முதலில் வரவேண்டும் என்று தெரியவில்லை.

“கோச்” என்றான் சுருளிவேல். “தம்பியத் திட்டாதீங்க.”