செத்தவர்களின் சம்மதம்

மணலோடைப் பள்ளிக்கூடத்தின் கூரை சரிந்துவிட்டது. புதுக் கட்டடத்துக்காக வீட்டுக்கு வீடு வரி போடலாமா என்று ஊர் வாக்கெடுப்புக்குக் கூடியது. பள்ளியை ஒட்டியே இடுகாடு. பனிமூட்டத்தில் கல்லறைகள் பாதிதான் தெரிந்தன.

பள்ளி நிலத்தின் மேல் கண் வைத்திருந்த ஊராட்சித் தலைவர் மருதப்பன் எழுந்தார். "இங்கே படுத்திருக்கிறவங்களும் ஊர்க்காரங்கதான். கேட்காம கட்டினா பிள்ளைகளைக் காவு வாங்கிடுவாங்க. முடிஞ்சா அவங்க சம்மதத்தை வாங்கிட்டு வாங்க."

உயர்ந்திருந்த கைகள் இறங்கின.

பள்ளியில் சத்துணவு சமைக்கும் அஞ்சலை கல்லறைகளைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமிகளா, செத்த பிறகும் எழுந்து வந்து போன தேர்தல்ல தலைவருக்கு ஓட்டுப் போட்டீங்களே. இன்னைக்கும் வாங்க. அன்னைக்கு உங்களைக் கூட்டிட்டுப் போனது யாருன்னும் சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பனிக்குள் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. அது நெருங்கி வந்தது.

"அவங்களை எழுப்ப வேண்டாம்," என்றார் மருதப்பன். கட்டடத்துக்காக முதலில் உயர்ந்தது அவர் கைதான்.